துணைக்கு வருபவரை அறிந்து அமர்த்துவோம்

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் அடங்கிப்போன ஓர் அம்மையாரைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நரம்பியல் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். அக்காலத்தில் எங்கள் வழக்கப்படி, ஆள் அனுப்பும் சில முகமைகளின் தொலைபேசி எண்கள் அச்சிட்ட ஒரு தாளை டிஸ்சார்ஜ் சம்மரியோடு இணைத்துக் கொடுத்தோம்.

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அம்மையார் இளைத்திருந்தார். நண்பகலிலும் கண் சொருகியபடி இருந்தார். பிசியோதெரபியில் முன்னேற்றம் இல்லை. மீண்டும் பக்கவாதம் தாக்கியிருக்குமோ என்று ஐயுற்று ஸ்கேன் எடுத்தோம். புதிதாக ஒன்றும் இல்லை. உண்மையைக் கண்டது எங்கள் செவிலியர் ஒருவரின் கண். பராமரிப்புக்கு அமர்த்தப்பட்ட பெண் சக்கர நாற்காலியைத் தள்ள வரும்போதெல்லாம், அம்மையார் செயல்படும் இடக்கையால் மருமகளின் முந்தானையைப் பற்றிக்கொண்டு விட மறுத்தார். அந்தக் கையின் மேற்புறத்தில் விரல் பதிந்த தடங்கள் இருந்தன. பரிசோதனையில், நாங்கள் எழுதிக்கொடுக்காத தூக்க மாத்திரை உடலில் இருப்பது தெரிந்தது.

அந்தப் பெண் அன்று மாலையே சொல்லாமல் சென்றுவிட்டார். அவர் கொடுத்திருந்த ஆதார் நகல் வேறொருவருடையது என்பது பின்னரே புலப்பட்டது. அதற்கு முன் அவர் பணியாற்றிய வீட்டாரும் இதே காரணத்துக்காகத்தான் அவரை நிறுத்தியிருந்தார்கள். “எங்களை யாரும் கேட்கவில்லையே” என்பது அவர்கள் சொன்ன மறுமொழி. மகன் எங்களிடம் சொன்னது அதைவிடக் கனமானது: “ஆஸ்பத்திரி கொடுத்த நம்பர்தானே என்று நம்பினோம்.”

முகமை சரிபார்த்திருக்கும் என்று நாங்கள் எண்ணினோம். மருத்துவமனை சரிபார்த்திருக்கும் என்று குடும்பத்தார் எண்ணினார்கள். முகமையோ ஒரு நகலைப் பெற்றுக் கோப்பில் வைத்ததோடு நின்றுவிட்டது. மூவரும் பிறர்மேல் வைத்த நம்பிக்கைக்கு இடையில், பேச இயலாத ஒருவர் ஆறு வாரம் துன்புற்றார். அந்தத் தாளை நாங்கள் அன்றோடு நிறுத்திவிட்டோம். அதற்கு மாற்றாக, வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் நாங்கள் எடுத்துரைக்கும் செய்திகளையே இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

சரிபார்ப்பு என்பது யாது?

குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், மனநலம் குன்றியோர், படுக்கையில் இருப்போர் ஆகியோருக்குப் பொதுவான நிலை ஒன்று உண்டு. தமக்கு நேர்வதைத் தடுக்கவோ எடுத்துச் சொல்லவோ அவர்களால் எளிதில் இயலாது. சொன்னாலும் பிறர் நம்பத் தயங்குவர். ஆகவேதான் அவர்களோடு தனித்திருக்கும் வாய்ப்புள்ள எவரையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது கட்டாயமாகிறது.

‘போலீஸ் வெரிஃபிகேஷன் ஆயிற்றா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு பலர் மனநிறைவு அடைகிறார்கள். அது முழுச் சரிபார்ப்பின் ஒரு பகுதி மட்டுமே. அறிய வேண்டியவை ஐந்து:

1. இவர் தாம் சொல்லும் ஆள்தானா?
2. சொல்லும் படிப்பும் பயிற்சியும் உண்மையா?
3. இதற்கு முன் எங்கெங்கே, எவ்வளவு காலம் பணியாற்றினார்? ஏன் விலகினார்?
4. இவர்மீது குற்றப் பதிவு ஏதும் உண்டா?
5. பணியில் சேர்ந்தபின் எப்படி நடந்துகொள்கிறார்?

முதல் நான்கும் வாசலில் கேட்பவை. ஐந்தாவது நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியது.

உலகம் விலைகொடுத்துக் கற்ற இரண்டு பாடங்கள்

இந்த ஐந்தில் ஒன்று விடுபட்டாலும் என்ன நேரும் என்பதற்கு இரு நிகழ்வுகளைக் கூறலாம்.

2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் சோஹம் என்னும் சிற்றூரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். கொலை செய்த இயன் ஹண்ட்லி அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் காப்பாளராகப் பணியாற்றியவன். அவன் முன்பு வாழ்ந்த வேறொரு மாவட்டத்தில் அவன்மீது பாலியல் புகார்கள் பல எழுந்திருந்தன. ஆனால் அவற்றில் தண்டனை ஏதுமில்லை. அந்தப் புகார்களின் குறிப்புகள் முறையாகக் காக்கப்படவில்லை. வேலைக்கு விண்ணப்பித்தபோது அவன் வேறொரு குடும்பப் பெயரைப் பயன்படுத்தியிருந்தான். பழைய பெயரைக் கொண்டு தேடாமலே சரிபார்ப்பு முடிந்தது. இதை ஆராய்ந்த பிச்சர்ட் விசாரணைக் குழுவின் அறிக்கை 2004இல் வெளிவந்தது. அதன் விளைவாக 2006இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. குழந்தைகளோடும் நலிந்தோரோடும் பணியாற்றத் தகாதவர்கள் எனத் தீர்மானிக்கப்பட்டோரின் தடைப்பட்டியல் முறை அதன்வழி வலுப்பெற்றது. இன்று அந்தப் பணியை 2012இல் அமைந்த டி.பி.எஸ். என்னும் அமைப்பு ஆற்றுகிறது.

இரண்டாவது நிகழ்வு மருத்துவமனைகளுக்கே உரியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சார்லஸ் கல்லன் என்னும் ஆண் செவிலியர் பதினாறு ஆண்டுகளில் ஒன்பது மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் பணியாற்றினார். டிகாக்சின், இன்சுலின் போன்ற மருந்துகளை மிகுதியாகச் செலுத்தி நோயாளிகளைக் கொன்றார். 2003ஆம் ஆண்டு டிசம்பரில் கைதான அவர், பின்னர் 29 கொலைகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பல இடங்களில் அவர்மேல் ஐயம் எழுந்திருந்தது. சில இடங்களில் விலகச் செய்தார்கள். ஆயினும் அடுத்த மருத்துவமனை விசாரித்தபோது, வழக்குக்கு அஞ்சி, பணியாற்றிய தேதிகளைத் தவிர வேறெதையும் சொல்லாமல் இருந்தார்கள். தகுதிச் சான்று உண்மையாகவே இருந்தது. சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்கவில்லை என்பதே குறை. இதன்பின் 2005இல் நியூ ஜெர்சி மாநிலம், செவிலியர், மருத்துவர் போன்றோரின் பணிக் குறைபாடுகளை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் எனவும், உண்மையைக் கூறுவோருக்குப் பாதுகாப்பு உண்டு எனவும் சட்டம் இயற்றியது.

முதல் நிகழ்வு, எல்லாப் பெயர்களையும் எல்லா ஊர்களையும் கேட்க வேண்டும் என்று கற்பிக்கிறது. இரண்டாவது, முன்னர்ப் பணி கொடுத்தவரின் வாய்ச்சொல்லுக்கு ஈடாக எந்தச் சான்றிதழும் இல்லை என்று கற்பிக்கிறது. எங்கள் அம்மையாரின் நிலையில் இவ்விரு பாடங்களும் ஒருங்கே மறக்கப்பட்டன.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் 2020இல் வகுக்கப்பட்ட விதிகளில் மூன்றாம் விதி பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது. குழந்தைகள் தங்கும் இல்லங்கள், பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சிக் கூடங்கள் முதலாகக் குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும், குழந்தைகளோடு தொடர்புகொள்ளும் தன் பணியாளர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்தாக வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு இல்லை. ஒருமுறை செய்து விட்டுவிடாமல் குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும் என்பதும் விதியிலேயே உள்ளது. ஆதலால், பேச்சுப் பயிற்சிக்கோ இயன்முறைப் பயிற்சிக்கோ உங்கள் குழந்தையைச் சேர்க்கும் இடத்தில், “சரிபார்ப்புச் செய்திருக்கிறீர்களா? கடைசியாக எப்போது செய்தீர்கள்?” என்று கேட்பது சட்டம் உங்களுக்குத் தந்த துணிவு. கேட்கத் தயங்க வேண்டா.

மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் அங்குள்ள குழந்தையிடம் இத்தகைய குற்றம் புரிந்தால், அதனை மிகக் கடுமையான வகைக் குற்றமாக அச்சட்டம் கருதுகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட இடத்தில் நிகழ்வதால் தண்டனையும் கூடுகிறது.

மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு குறிப்பிடத்தக்கது. தம் பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு அறிந்தே உணவோ நீரோ மறுப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இளமையாலோ, மனநலக் குறைவாலோ, நோயாலோ தமக்குத் தாமே உதவிக்கொள்ள இயலாத ஒருவரைக் கவனித்துக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே கவனியாமல் விடுவது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றமாகக் கூறப்பட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது.

எனினும் ஓர் இடைவெளியை மனத்தில் கொள்ள வேண்டும். இவ்விதிகளுள் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குபவை பெரும்பாலும் நிறுவனங்களையே நோக்கியவை. உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் ஒருவரை உங்களுக்காகச் சரிபார்க்கும் பொறுப்பு நடைமுறையில் உங்களிடமே வந்து சேர்கிறது. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018இல் தொடங்கப்பட்டது. அது காவல்துறை போன்ற அமைப்புகளின் பயன்பாட்டுக்கு உரியது. பொதுமக்கள் அதில் பெயரைத் தேடிப் பார்க்க இயலாது. ஆகவே காவல்துறை வழியாகவே நாம் செல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதற்படி: ஆளை அறிதல். ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மூல அட்டையைப் பார்த்து, படத்தையும் முகத்தையும் ஒப்பிடுங்கள். அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியால் படித்தால், அச்சிட்ட விவரமும் பதிவிலுள்ள விவரமும் ஒன்றா என்பது தெரியும். திருமணத்துக்கு முன் இருந்த பெயர், வேறு அழைபெயர், முன்பு வாழ்ந்த ஊர்கள் ஆகியவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தகுதியை அறிதல். நம் ஊரில் ‘ஹோம் நர்ஸ்’ என்ற சொல் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பதிவுபெற்றிருப்பார்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு இல்லாதவர் நல்ல பராமரிப்பாளராக இருக்கலாம். குளிப்பாட்டவும், உணவு கொடுக்கவும், திருப்பிப் படுக்கவைக்கவும் அவர் போதும். ஆனால் ஊசி போடவோ, சிறுநீர்க் குழாயை மாற்றவோ அவரிடம் விடக்கூடாது.

மூன்றாம் படி: முன்னர்ப் பணியாற்றிய வீடுகள். குறைந்தது இரண்டு வீடுகளின் எண்களைப் பெற்று நீங்களே பேசுங்கள். கையில் கொண்டுவரும் நற்சான்றுக் கடிதத்தை மட்டும் நம்ப வேண்டா. “நல்லவரா?” என்று கேட்டால் “நல்லவர்தான்” என்றே மறுமொழி வரும். “மீண்டும் தேவைப்பட்டால் இவரையே அமர்த்துவீர்களா?” என்று கேளுங்கள். அதற்கு வரும் தயக்கமும் ஒரு விடையே. அதுபோல் உங்களை ஒருவர் விசாரித்தால் நீங்களும் உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் அம்மையாருக்கு முன் இருந்த வீட்டாரை யாராவது கேட்டிருந்தால், அவர்கள் கூறியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் அவரைக் காத்திருக்கும்.

நான்காம் படி: காவல்துறைச் சரிபார்ப்பு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பணியாளருக்கெனத் தனிப் பிரிவும், ஒருவர் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்ளும் பிரிவும் உள்ளன. அந்த மனிதரிடம் தெரிவித்து, இசைவு பெற்றபின் செய்வதே முறை. வேறு மாநிலத்தவராயின் அவருடைய சொந்த ஊர்க் காவல் நிலையத்தின் சான்றும் வேண்டும். சான்றின் தேதியையும் பாருங்கள். ஐந்தாண்டுக்கு முந்திய சான்று ஐந்தாண்டுக்கு முந்திய நிலையை மட்டுமே கூறும்.

ஐந்தாம் படி: முகமை வழியாக அமர்த்தினால், மேற்கூறிய நான்கையும் முகமை செய்ததா என்று கேட்டு, ஆவணங்களைக் கண்ணால் பாருங்கள். அமர்த்தியவர் வராத நாளில் ‘மாற்று ஆள்’ அனுப்புவார்கள். சரிபார்ப்பு பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுவே. மாற்று ஆளுக்கும் அதே விதி என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

சான்றிதழுக்குப் பின்

குற்றப் பதிவு இல்லை என்றால், பிடிபட்டதில்லை என்பது மட்டுமே உறுதி. அன்றியும், அறிமுகமற்றவரை மட்டும் அஞ்சுவது பிழை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், குழந்தைகள்மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அக்குழந்தைக்குத் தெரிந்தவரே. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர் ஆகியோருக்கு நாம் எந்தச் சரிபார்ப்பும் செய்வதில்லை. ஆகவே கண்காணிப்பு என்பது வந்தவர்மேல் மட்டும் இருப்பதன்று. நலிந்தவர்மேல் எப்போதும் இருக்க வேண்டியது.

பின்வருவனவற்றைக் கவனியுங்கள். காரணம் தெரியாத காயங்கள், முக்கியமாகக் கையின் மேற்புறத்திலும் தொடையின் உட்புறத்திலும். திடீர் எடைக்குறைவு. பகல் முழுதும் மயக்கம். மாத்திரைகளின் எண்ணிக்கை பொருந்தாமை. குறிப்பிட்ட ஒருவர் வரும்போது மட்டும் நடுக்கம், அழுகை, ஒட்டிக்கொள்ளல். குழந்தை மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்குதல். இவற்றுக்கு நோயே காரணமாகவும் இருக்கலாம். ஆதலால் எவரையும் உடனே குற்றஞ்சாட்டாமல் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். ‘வயதானால் அப்படித்தான்’ என்று தள்ளிவிடவும் வேண்டா.

நாளில் ஒருமுறையேனும் சொல்லாத நேரத்தில் வீட்டுக்கு வாருங்கள், அல்லது அண்டை வீட்டார் ஒருவரை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பெட்டியை வீட்டாரே நிரப்புங்கள். நோயாளரோடு நாள்தோறும் பத்து நிமிடம் தனித்து இருங்கள். பேச இயலாதவராயின், ‘ஆம்’ என்பதற்கு ஒருமுறையும் ‘இல்லை’ என்பதற்கு இருமுறையும் கண் சிமிட்டவோ, கையை அழுத்தவோ பழக்குங்கள். எங்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள் அதற்குப் படப்பலகை செய்து தருவார்கள்.

வருபவரும் மனிதரே

இவ்வளவும் படித்தபின், பராமரிப்பாளர் ஒவ்வொருவரையும் ஐயத்தோடு நோக்கும் எண்ணம் எழக்கூடும். அது எங்கள் கருத்தன்று. பெற்ற பிள்ளையும் செய்யத் தயங்கும் பணியை முகம் சுளிக்காமல் செய்யும் பெண்கள் எத்தனையோ பேரை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். சரிபார்ப்பு அவர்களுக்கும் பாதுகாப்பே. பொய்ப் பழி வரும்போது அவர்களைக் காப்பதும் அதுவே. ஆகவே, “எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இதுதான் வழக்கம், அம்மா” என்று மரியாதையோடு கேளுங்கள். ஆவணங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறருக்கு அனுப்பாதீர்கள்.

மேலும், பகலும் இரவும் ஓய்வின்றி ஒருவரிடம் வேலை வாங்கினால், நல்லவரும் பொறுமை இழப்பார். குறித்த நேரத்தில் உணவு, படுக்க இடம், வார விடுமுறை, சொன்ன நாளில் சம்பளம் ஆகியவை அவருக்கு மட்டுமன்றி உங்கள் நோயாளருக்கும் காவல்.

மருத்துவமனையில் இருக்கும்போது

எங்கள் பணியாளர் ஒவ்வொருவரும் படமும் பெயரும் உள்ள அட்டையை அணிந்திருப்பார். அட்டை இல்லாதவர் நோயாளரைத் தொட வந்தால், “நீங்கள் எந்தப் பிரிவு?” என்று கேட்பது உங்கள் உரிமை. குழந்தையைப் பரிசோதிக்கும்போது பெற்றோர் உடன் இருக்கலாம். இதில் எவரேனும் முகம் கோணினால் வார்டு பொறுப்புச் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

ஐயம் எழுந்தால்

உடனடி ஆபத்து எனில் 112. குழந்தை தொடர்பானது எனில் 1098. முதியோருக்கான உதவி எண் 14567. போக்சோ சட்டத்தின்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரியது. காயங்களைப் படம் எடுங்கள். மாத்திரை அட்டைகளை எறியாதீர்கள். நோயாளரை முதலில் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குடும்பத்தார் அமர்ந்து பேச

1. நம் வீட்டில் நலிந்தவரோடு தனித்திருப்போர் யார் யார்? அவர்களுள் எத்தனை பேரை நாம் உண்மையில் விசாரித்திருக்கிறோம்?
2. ‘மற்றவர் பார்த்திருப்பார்’ என்று நாம் விட்டுவிட்டது எது?
3. நம் நோயாளர் தம் துன்பத்தை நமக்குத் தெரிவிக்க எந்த வழி உள்ளது?

அந்த அம்மையார் பின்னர் எடை கூடினார். இரண்டு வீடுகளை விசாரித்து அமர்த்திய வேறொரு பெண்மணி அவரை இன்றும் பார்த்துக்கொள்கிறார். சென்ற முறை பரிசோதனைக்கு வந்தபோது அம்மையாரின் இடக்கை அந்தப் பெண்மணியின் கையைப் பற்றியிருந்தது.

வீட்டுக்குச் செல்லும் முன் எங்கள் சமூகப்பணிப் பிரிவுக்கு ஒருமுறை வாருங்கள். எண்கள் அச்சிட்ட தாள் இனி அங்கே கிடைக்காது. கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் கிடைக்கும். தேவைப்பட்டால் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்யும்போது நாங்களும் உங்கள் பக்கத்தில் இருப்போம்.